இரண்டு சட்டைக்காரர்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. கல்லூரிப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர், கோயிலில் இருந்த ஞானஸ்நானப் புத்தகத்தில் இன்னொரு பெயர். ஒன்றை எழுதினால் மற்றவர் வருத்தப்படுவார். இரண்டும் ஒரே ஆள்தானே என்று கேட்பீர்கள். அதை அவரிடம் சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் போர்ட் பிளேருக்குப் போய் இறங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. கணவருக்குச் சாத்தம் மரமில்லில் வேலை, மின்னி பே என்ற இடத்தில் வீடு. மதுரையில் படித்து வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மனமில்லாமல், கன்னியர்கள் நடத்திய பெண்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட நீள ஹால் ஒன்று, இரண்டு வகுப்பறை, ஓர் ஆபீஸ் அறை, பின்னால் விடுதி. ஒட்டினாற்போலக் கோயில். கட்டடம் எழுந்தது சர்க்கார் மானியத்தில். எங்கள் சம்பளமும் பெரும்பாலும் அதில்தான். அறுபதுகளின் கடைசி அது. காட்டை வெட்டிக் குடியேறிய இடங்களிலெல்லாம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள், டீச்சர்தான் கிடைக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடங்களுக்காக முப்பது பெண்கள் எங்களிடம் படித்தார்கள். வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சிக்காரர்கள், நம் தமிழ்ப் பிள்ளைகள் என்று எல்லாக் கலவையும் உண்டு. பாடம் போக மிச்ச நேரம் முழுக்க இந்தியில் சண்டை நடக்கும்.

முதல் நாள் நல்ல மழை. கையில் பெட்டி நிறையப் புத்தகம். கோயில் படியைக் கூட்டிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைக்காரரிடம், "கல்லூரி பியூனைக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா? பெட்டியைத் தூக்கணும்" என்றேன்.

"இந்நேரத்துக்கு வந்திருக்கணுமே. பாக்கேன் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தைச் சாய்த்து வைத்து, குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் போனார். இரண்டு நிமிஷத்தில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வெளியே வந்தார். அதே மீசை, அதே முகம், காதோரத்தில் அதே வெள்ளை முடி.

"கூப்பிட்டியளாமே?" என்றார்.

அண்ணன் தம்பி என்றே நினைத்தேன். ஒரு வாரம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காக்கிச் சட்டைக்காரரிடம், "உங்க அண்ணன் ரொம்ப நல்ல மனுஷர்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவர் கொஞ்சம் யோசித்து, "நல்லவருதான். கோவம் ஜாஸ்தி" என்றார். முகத்தில் ஓர் அசைவில்லை. பிள்ளைகள் வந்து உண்மையைச் சொன்னபோது எனக்கு வந்த வெட்கத்தை அடக்கச் சிரிப்பைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஆள் ஒருவர்தான், வேலை இரண்டு. விடியற்காலையும் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் அவர் கோயில்பிள்ளை. பூசைக்கு எடுத்து வைப்பது, விளக்கேற்றுவது, மணியடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எட்டரை முதல் நாலு வரை கல்லூரி பியூன். முதலில் இரண்டுக்கும் ஒரே சட்டைதான் போட்டுக்கொண்டிருந்தாராம். கல்வித் துறை அதிகாரி ஒருமுறை பார்வைக்கு வந்தபோது, இவர் காக்கிச் சட்டையோடு பீடத்து மெழுகுவர்த்தித் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஏன்ப்பா, சர்க்கார் நேரத்துல சாமி வேலையா?" என்று அதிகாரி கேட்டுவிட்டுப் போய்விட்டார். போகிற போக்கில் சொன்னது. சொன்னவர் மறந்தார், கூட நின்று கேட்ட கல்லூரித் தலைவி மதர் மறந்தார். இவர் மட்டும் மறக்கவில்லை. மறுநாளே கொட்டகையில் இரண்டு ஆணி அடித்து, ஒன்றில் காக்கியையும் மற்றதில் வெள்ளையையும் மாட்டிவிட்டார்.

அதோடு விட்டாரா? கோயிலுக்கும் கல்லூரிக்கும் நடுவே கல் பொறுக்கி வந்து வரிசையாகப் பதித்து, சுண்ணாம்பு அடித்தார். அந்தப் பக்கத்துத் துடைப்பம் இந்தப் பக்கம் வராது. கிணறு கோயில் பக்கம் இருந்தது. கல்லூரிப் பானைக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் வெள்ளைச் சட்டையில் குடத்தை நிரப்பிக் கல் வரிசை மேல் வைப்பார். பிறகு காக்கியில் வந்து எடுத்துக்கொண்டு போவார்.

"யாருகிட்ட கேட்டு எடுத்தீங்க அண்ணாச்சி?" என்று நான் சீண்டுவேன்.

"கோயில்பிள்ளை குடுத்தாரு. பானி விஷயத்துல அவரு கணக்குப் பாக்க மாட்டாரு."

நண்பகல் பன்னிரண்டுக்குக் கோயிலில் ஜெபமணி அடிக்க வேண்டும். அது காக்கி நேரம். இதற்காக மதரிடம் எழுதிக் கொடுத்து, மற்றவர்கள் பதினொன்றுக்குக் குடிக்கிற டீயைத் தான் விட்டுவிட்டு, அந்த ஐந்து நிமிஷத்தைப் பன்னிரண்டுக்கு மாற்றி வாங்கியிருந்தார். பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் கொட்டகையை நோக்கி ஓட்டம். பன்னிரண்டுக்கு மணி. பன்னிரண்டு மூன்றுக்கு மறுபடி காக்கி. மழைக்காலத்தில் இரண்டு சட்டையும் நனைந்து, பிழிந்து, நனைந்து, அந்த மனிதர் உலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

பிள்ளைகளுக்கு இவர்தான் பொழுதுபோக்கு. திக்லிபூரிலிருந்து வந்த மாலதி என்ற வங்காளிப் பெண் ரொம்பத் துடுக்கு. ஒருநாள் கல் வரிசை மேலேயே சாண் நீளத்துக்கு ஒரு பூரான் படுத்திருந்தது. தலை கல்லூரிப் பக்கம், வால் கோயில் பக்கம். மாலதி கத்தி எல்லாரையும் கூட்டிவிட்டு, "சாச்சா, இதை யாரு அடிக்கணும்?" என்று இந்தியில் கேட்டாள். இவர் நிஜமாகவே குனிந்து பார்த்து யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் அது கோயில் பக்கம் நகர்ந்துவிட்டது. "அவரு வந்து பாத்துக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சு துடைக்கப் போய்விட்டார். நாலு மணிக்கு மேல் வெள்ளைச் சட்டையோடு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செடியடியில் தேடிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

இதெல்லாம் பார்க்க வேடிக்கை. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவ்வளவு வேடிக்கையாக இல்லை. மாதா திருவிழாவுக்குக் கூட்டம் தாங்காது என்று கோயிலின் பங்குச் சாமியார் கல்லூரி பெஞ்சுகளைக் கேட்டு அனுப்பினார். "சர்க்கார் பெஞ்சு, பூசைக்குத் தர முடியாது" என்று இவர் காக்கியில் நின்று சொல்லிவிட்டார். சாமியாருக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் இவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. அதற்கு முந்தின மாதம் மதருக்கும் அதே கதிதான். பரீட்சை நடக்கும்போது வானம் இருட்டிக் கரண்டும் போய்விட்டது. கோயிலில் கட்டுக்கட்டாக மெழுகுவர்த்தி இருக்கிறது, எடுத்து வா என்றார் மதர். "அது மாதாவுக்கு நேந்துக்கிட்டது. பரீட்சைக்குப் பத்த வைக்கக் கூடாது" என்றார் இவர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆளில்லை அவர். கொட்டுகிற மழையில் கடைத்தெருவுக்கு ஓடி, சொந்தக் காசில் மெழுகுவர்த்தி வாங்கி, மடியில் பொத்திக்கொண்டு வந்தார். திருவிழாவுக்கு மீன்பிடிக் குடும்பங்களின் வீடு வீடாகப் போய்ப் பலகையும் பெட்டியும் தலையில் சுமந்து வந்து போட்டார். கோடு போட்டதும் அவர்தான், அந்தக் கோட்டுக்காகக் கஷ்டப்பட்டதும் அவர்தான். அதனால்தான் அவரை யாராலும் முழுசாக வெறுக்க முடியவில்லை.

இனி காலை ஜெபத்துக்கு வருகிறேன். மதர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நல்ல மனசு, இரும்புப் பிடிவாதம். காலை எட்டே முக்காலுக்கு முப்பது பெண்களும் ஹாலில் வரிசையாக நின்று, பாட்டுப் பாடி, முட்டி போட்டு ஜெபம் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. கிறிஸ்தவப் பிள்ளைகள் பதினோரு பேர்தான். மற்றவர்களும் நிற்க வேண்டும். வராதவர் பெயர் ஒரு நோட்டில் ஏறும். "பத்து நிமிஷம் கடவுளை நினைச்சா யாருக்கு என்ன குறைஞ்சுடும்?" என்பார். யாரையும் மதம் மாற்றும் எண்ணம் அவருக்குக் கிடையாது, அதை நான் சத்தியம் செய்வேன். ஜெபம் சொல்லாத காலை அவருக்குக் காலையாகவே படாது, அவ்வளவுதான். நானும் நெற்றிக் குங்குமத்தோடு கைகூப்பி நிற்பேன். இது சரியில்லை என்று உள்ளே தோன்றும். புதுசாக வந்த வேலை என்று வாயை மூடிக்கொள்வேன்.

அந்தப் பத்து நிமிஷமும் எங்கள் ஆள் ஹாலுக்கு வெளியே, மழைச் சாரலில் நிற்பார்.

"உள்ள வாங்களேன் அண்ணாச்சி" என்று ஒருநாள் கூப்பிட்டேன்.

"உள்ள நடக்கது கோயில் வேலை. நான் இப்ப பியூனு."

"அப்ப வெள்ளையைப் போட்டுட்டு வாங்க."

"ஹாலு சர்க்கார் ஹாலுல்லா டீச்சரம்மா. அதுக்குள்ள வெள்ளையப் போட்டுட்டு எப்பிடி வர?" என்றார். சிரித்துக்கொண்டே சொல்லவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் அவர் தொண்டை அசைவதும், உதட்டை இறுக்கி மூடிக்கொள்வதும் எனக்குத் தெரிந்தது. பாட்டு என்றால் அவருக்கு உயிர் என்று பிறகுதான் பிள்ளைகள் சொன்னார்கள்.

மாலதிக்கு வந்தது வம்பு. அவள் குடும்பம் கிழக்கு வங்காளத்தில் வீடு வாசலை விட்டு ஓடி வந்தது. சாமி கும்பிடுகிற விஷயத்தில் பட்ட பாடு அவள் அப்பாவுக்கு ஆறவே இல்லை. மகள் கல்லூரியில் முட்டி போடுகிறாள் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அது நிஜமென்றால் அடுத்த கப்பலில் கிளம்பி வா, படித்தது போதும் என்று கடிதம் எழுதிவிட்டார். அவள் என்னிடம் காட்டினாள்.  "நான் டீச்சராகணும். இல்லாட்டி தையில கல்யாணம்" என்றாள். பொய் சொல்லி அப்பாவுக்குப் பதில் எழுதினாள். அதற்குப் பிறகும் தினமும் முட்டி போட்டாள்.

அந்த மாதமே அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. முன்பு சட்டை விஷயத்தில் கேட்டுவிட்டுப் போன அதே ஆள், கும்பகோணத்துக்காரர். மானியத்தை அடுத்த வருஷத்துக்கு நீட்டிப்பதா வேண்டாமா என்று பார்க்க வருகிறார். மானிய விதியில் ஒரு வரி இருந்தது. படிக்கிற பிள்ளையை விருப்பமில்லாமல் மத ஜெபத்தில் நிறுத்தக் கூடாது. மானியம் நின்றால் கல்லூரி மூடிவிடும். முப்பது பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மதர் எங்களையெல்லாம் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். "ஜெபத்தைப் பத்திக் கேட்டா, விருப்பப்பட்டவங்க வராங்கன்னு சொல்லுங்க. அது போதும்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். கதவோரம் நின்றவர் மட்டும் கேட்டார்.

"இத யாருட்ட சொல்லுதிய மதர்? பியூன்ட்டயா, கோயில்பிள்ளைட்டயா?"

"இப்ப இங்க நிக்கிறது யாரு?"

"பியூனு."

"அப்ப பியூன்கிட்டதான் சொல்றேன். எனக்கு எதிராப் பேசக் கூடாது."

"சரி, மதர்" என்றார். சொன்னபடியே நடந்தும் காட்டினார்.

அதிகாரி வந்தார். வகுப்பு பார்த்தார், கரும்பலகை பார்த்தார், கக்கூஸ் பார்த்தார். ஜெபத்தைப் பற்றிக் கேட்டார். மதர் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னார், நான் என் தயாரான பதிலைச் சொன்னேன். பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். மனிதர் இருபது வருஷமாகத் தீவில் இருக்கிறவர். தரையைப் பார்க்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருப்பார். டீ கொண்டு வந்த காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்லுப்பா. ஜெபத்துக்கு எல்லாரும் வரணுமா, இஷ்டப்பட்டவங்க மட்டுமா?"

"ஜெப நேரத்துல பியூனு வெளிய நிப்பான் சாப். உள்ள நடக்கது பியூனுக்குத் தெரியாது."

 அதிகாரிக்குத் தான் முன்பு கேட்ட கேள்வி ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணில் குறும்பு எட்டிப் பார்த்தது. "டீக் ஹை. பியூனுக்குத் தெரியாது. கோயில்பிள்ளை இருக்காரா?"

நாங்கள் சிரித்தோம். மதரும் சிரித்தார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தோம். அதிகாரியும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

"இருக்காரு சாப். வரச் சொல்லுதேன்" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு இவர் போனார்.

வெள்ளைச் சட்டை வந்து சேர்ந்தது. உள்ளே வரவில்லை. கல் வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டது. வேறு வழியில்லாமல் அதிகாரி எழுந்து போனார், மதர் போனார், நாங்களும் பின்னால் போனோம். தூறலில் ஒரு பக்கம் நாங்கள் எல்லோரும், அந்தப் பக்கம் அவர் தனியாக.

"சொல்லுங்க" என்றார் அதிகாரி. மரியாதை கூடியிருந்தது.

"எல்லாரும் வரணும் சாப். வராட்டி நோட்டுல பேரு ஏறும்."

மதரின் கை ஜெபமாலையைத் தேடிற்று. 

"இதனால மானியம் போகலாம். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"மானியம் கல்லூரி சமாச்சாரம். அத நீங்க பியூன்ட்ட கேக்கணும். நான் ஜெபத்தப் பத்திச் சொல்லுதேன்." முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "அப்பாவுக்குத் தெரிஞ்சிருமோன்னு பயந்துக்கிட்டு ஒரு புள்ள, நோட்டுக்குப் பயந்துக்கிட்டு இன்னொரு புள்ள. இப்பிடி முட்டி போட்டா அது ஜெபமா சாப்? மாதா அத எப்பிடிக் கேப்பா? கோயில் பேரச் சொல்லி இது நடக்கு. கோயில்பிள்ளைக்கு வெக்கமா இருக்கு."

 அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு மதரிடம் திரும்பி, ஜெபத்தைக் கோயிலுக்கு மாற்றி, வர விரும்புகிறவர்கள் வரட்டும் என்று ஏற்பாடு செய்து ஒரு வாரத்துக்குள் எழுதிக் கொடுங்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் மானியத்துக்குக் கையெழுத்துப் போடுவேன் என்றார். ஜீப்பில் ஏறும்போது, "டீ நல்லா இருந்ததுன்னு பியூன்கிட்ட சொல்லுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் மதர் என்னைக் கூப்பிட்டார். என் கையெழுத்து அழகாக இருக்கும். பியூனை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவை எழுதச் சொன்னார். மேஜை மேல் காக்கிச் சட்டை துவைத்து மடித்து இருந்தது, அதன் மேல் ஹால் சாவி. அவரே முன்கூட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாமல் கரையேறியவர் அவர். இதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. அந்தச் சட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன். அவ்வளவு நேரம் வராத தைரியம் அப்போதுதான் வந்தது.

"காரணம் என்னன்னு எழுதட்டும் மதர்?"

"நிர்வாகத்துக்கு எதிரா அதிகாரிகிட்டப் பேசினதுக்கு."

"பியூன் பேசலையே. தெரியாதுன்னுதானே சொன்னார்?"

மதர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பேசினது கோயில்பிள்ளை. அவர் நம்ம ஆள் இல்லையே. சாமியாரோட ஆள்" என்றேன். பேனாவை இன்னும் தாளில் வைக்கவில்லை.

மதர் எழுந்து விறுவிறுவென்று சாமியார் வீட்டுக்கு நடந்தார். நானும் தாளும் பேனாவுமாகப் பின்னால் ஓடினேன். சாமியாருக்குப் பெஞ்சு விஷயத்தில் இருந்த கோபம் எனக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் ஆளைக் கப்பலேற்றிவிடுவார் என்று பயந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "ஜெபத்தைப் பத்தி அவன் சொன்னதுல என்ன தப்பு?" என்றார்.

மதர் என் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"போன ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நானே இதைத்தான் சொன்னேன். நீங்க முன் வரிசையில உக்காந்து தலையாட்டுனீங்க. இப்ப அதுக்காக அவனைத் துரத்தினா நான் எப்படி அடுத்த ஞாயித்துக்கிழமை ஏறி நிப்பேன்?" தாடியைச் சொறிந்துகொண்டார். "பெஞ்சு குடுக்காததுக்கு நானும் அவனைத் துரத்தணும்னுதான் பாத்தேன். முடியலை. குடுக்காதவன் பியூன். அவன் உங்க ஆளு."

மதர் நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "என் ஆளு பேசலை. பேசினவன் என் ஆளு இல்லை. இந்த மனுஷனை யாருமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். நான் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். காக்கிச் சட்டையும் சாவியும் மறுநாளே அவரிடம் திரும்பிப் போயின.

மானியம் வந்தது. மாலதி படித்து முடித்து திக்லிபூர் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் டீச்சரானாள். ஆனால் அவரை நினைத்தால் எனக்குக் கண் முன்னால் வருவது, ஜெபம் கோயிலுக்குப் போன முதல் நாள் காலைதான். நோட்டு இல்லை, பேர் கூப்பிடவில்லை. பதினோரு கிறிஸ்தவப் பிள்ளைகளில் ஏழு பேர் போனார்கள். மதர் முகம் வாடித்தான் போயிருந்தது. மற்ற பிள்ளைகளோடு நான் ஹாலில் இருந்தேன். மாலதி பூகோளப் புத்தகத்தில் முகத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கோயிலிலிருந்து பாட்டு கிளம்பியது. ஏழு பெண்களின் குரலுக்கு மேலே ஓர் ஆண் குரல். சுருதி சேரவில்லை, தாளம் முந்தி ஓடிற்று, ஆனால் கூரைத் தகரம் அதிர்ந்தது. மாலதி விழித்துக்கொண்டு, "யாரு டீச்சர்?" என்றாள். எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினோம். காக்கி நேரத்தில் வெள்ளைச் சட்டை, கடைசி வரிசை, கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்.

ஜெபம் முடிந்து மதர் கல் வரிசையைத் தாண்டி வந்தார். என் பக்கத்தில் நின்று கோயிலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே அவர் இன்னும் முட்டி போட்டிருந்தார்.

"ஒரு வருஷமா முப்பது பேரை உள்ளே நிறுத்தி வெச்சேன்" என்றார் மதர். "ஜெபம் சொல்ல ஆசைப்பட்ட இந்த ஒருத்தனை மழையில நிறுத்தியிருக்கேன்."

முதல் வகுப்புக்கு மணி அடிக்க அன்று பியூன் இல்லை. மதரே போய் அடித்தார்.